நோபல் விஞ்ஞானிகளை மேய்த்த ப்ராஜெக்ட் மேனேஜர்: லெஸ்லி க்ரோவ்ஸின் ப்ரமோஷன் கதை

டெட்லைனுக்குள் டெலிவரி கொடுத்தாச்சு. ஆள் பற்றாக்குறை, வெண்டர் சொதப்பல், கடைசி நேர டிசைன் மாற்றம் எல்லாவற்றையும் சமாளித்தாச்சு. அடுத்தது ப்ரமோஷன்தான் என்ற நினைப்போடு அப்ரைசல் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால், அங்கே டெலிவரியைப் பற்றிப் பேச்சே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொன்ன புகார்களின் பட்டியல்தான் காத்திருக்கிறது.

ஐடி துறையில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. 1948 ஜனவரியில் வாஷிங்டனில் இப்படி ஒரு மீட்டிங் நடந்தது. ஒரு பக்கம் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஐசனோவர். எதிரே லெஸ்லி க்ரோவ்ஸ். சுமார் 200 கோடி டாலர் செலவில், உச்ச கட்டத்தில் ஏறத்தாழ 1.3 லட்சம் பேரை வைத்து, மூன்றே ஆண்டுகளில் உலகின் முதல் அணுகுண்டைச் செய்து கொடுத்த மன்ஹாட்டன் திட்டத்தின் தலைவர். அவர் எதிர்பார்த்திருந்த பதவி அவருக்குக் கிடைக்கப்போவதில்லை என்பது அன்று முடிவாகிவிட்டது.

2023-ல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் மேட் டேமன் நடித்தது இவருடைய பாத்திரம்தான். ஓப்பன்ஹைமரை இன்று எல்லோருக்கும் தெரியும். அவரை வேலைக்கு எடுத்த மேனேஜரின் கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

16 வருடம் கழித்து கேப்டன்

லெஸ்லி ரிச்சர்ட் க்ரோவ்ஸ் 1896 ஆகஸ்ட் 17-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் மதகுரு. கியூபா, பிலிப்பைன்ஸ், சீனா என்று படை போகும் இடமெல்லாம் அப்பாவும் போனார். ராணுவக் குடியிருப்புகளில் வளர்ந்த பையனுக்கு ராணுவ அதிகாரி ஆகணும் என்பதுதான் ஒரே கனவு. வாஷிங்டன் பல்கலைக்கழகம், எம்.ஐ.டி. என்று படித்துவிட்டு, கடைசியில் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் இடம் பிடித்தார்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் படிப்பைச் சுருக்கி, 1918 நவம்பர் 1-ம் தேதியே பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். வகுப்பில் நான்காவது ரேங்க். பத்தே நாளில் போர் முடிந்துவிட்டது! போருக்கென்றே அவசரமாகத் தயாரான அதிகாரிகளுக்கு இனி போர் இல்லை. ராணுவம் சுருங்கியது, மேலே போகும் படிகள் அடைபட்டன. ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்த க்ரோவ்ஸ், கேப்டன் ஆனது 1934-ல். அதாவது அகாடமியிலிருந்து வெளியே வந்து 16 வருடம் கழித்து.

இந்த 16 வருடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. நிகராகுவாவில் கால்வாய் வெட்ட முடியுமா என்று ஆய்வு செய்யப் போன குழுவில் இருந்தார். 1931-ல் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் உலுக்கியபோது, குடிநீர் விநியோகத்தை மீட்கும் பொறுப்பை எடுத்துச் செய்தார். அந்நாட்டு அரசு பதக்கம் கொடுத்தது. பிறகு ராணுவத்தின் உயர் பயிற்சிக் கல்லூரிகள் இரண்டிலும் படித்தார். ரெஸ்யூமே அழகாகத்தான் இருந்தது. ஆனால் காலி இடம் வந்தால்தானே?

1940-ல் அந்தக் கதவு திறந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டதால் அமெரிக்கா அவசர அவசரமாக முகாம்களும் ஆயுதத் தொழிற்சாலைகளும் கட்டத் தொடங்கியது. கட்டுமானம் தெரிந்த அதிகாரிகளுக்குத் திடீர் மவுசு. 1940 ஜூலையில் மேஜர் ஆன க்ரோவ்ஸ், அதே நவம்பரில் கர்னல். கேப்டன் ஆகவே 16 வருடம் காத்திருந்தவருக்கு நான்கு மாதத்தில் இரண்டு படி தாவல்.

உள்நாட்டு ராணுவக் கட்டுமானம் அத்தனையும் மெல்ல அவர் கைக்கு வந்தது. 1941 செப்டம்பரில் தொடங்கி 16 மாதத்தில் முடிந்த பென்டகன் கட்டடம் அதில் ஒன்று மட்டும்தான். 1942 ஜூலையில் இந்தப் பிரிவு ஒரே மாதத்தில் செலவழித்தது 70 கோடி டாலருக்கும் மேல். எந்த ஒப்பந்ததாரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், யார் பாதியில் கையை விரிப்பார் என்பது க்ரோவ்ஸுக்கு அத்துப்படி ஆனது இந்தக் காலத்தில்தான்.

கேட்டது போர்முனை, கிடைத்தது ‘உருப்படாத ப்ராஜெக்ட்’

1942 செப்டம்பரில் க்ரோவ்ஸுக்கு வயது 46. முதல் உலகப் போரைத் தவறவிட்டவர், இரண்டாவதையும் வாஷிங்டன் மேஜையிலேயே கழிக்க விரும்பவில்லை. வெளிநாட்டில் படையோடு இருக்கும் வேலை ஒன்று கிடைக்கும் போலிருந்தது. செப்டம்பர் 17 காலையில் அவருடைய மேலதிகாரி ஜெனரல் சோமர்வெல் வழியில் நிறுத்தி, அதெல்லாம் இல்லை, வாஷிங்டனிலேயே வேறு வேலை என்றார். ஒழுங்காகச் செய்தால் போரையே ஜெயித்துக் கொடுக்கும் வேலை என்றும் சொன்னார்.

க்ரோவ்ஸுக்கு எந்த வேலை என்று உடனே புரிந்தது. கட்டுமானப் பொறுப்பில் இருந்ததால் அந்த அணு ப்ராஜெக்ட் பற்றி அவருக்கு ஏற்கனவே கொஞ்சம் தெரியும். மனசு விட்டுப்போனது. அவர் அதுவரை ஒரு வாரத்தில் பார்த்த பணத்தைவிட அதன் மொத்த பட்ஜெட் குறைவு. விஞ்ஞானிகள் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைக்கு நிலம் பார்த்தும் வாங்காமல் கிடந்தது. மூலப்பொருள் வாங்கத் தேவையான முன்னுரிமை அந்தஸ்தும் இல்லை. ஏற்கனவே பொறுப்பில் இருந்த கர்னலால் வேகம் காட்ட முடியவில்லை. இன்றைய மொழியில் சொன்னால், பாதியில் படுத்துவிட்ட ப்ராஜெக்ட்டைத் தூக்கி நிறுத்த வேறு டீமிலிருந்து ஆள் மாற்றியிருக்கிறார்கள்.

மறுக்க முடியாத இடத்தில் இருந்தவர் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அவரைப் பிரிகேடியர் ஜெனரல் ஆக்குவதாக அப்போது சொல்லியிருந்தார்கள். அந்தப் பதவி உயர்வு கையில் வந்த பிறகுதான் முறைப்படி பொறுப்பேற்பேன் என்று நின்றார். பேராசிரியர்களோடு வேலை செய்யப்போகிறோம். அவர்கள் பட்டத்துக்கும் பதவிக்கும் மரியாதை கொடுப்பவர்கள். நேற்று வரை கர்னலாக இருந்து இன்று ஜெனரல் ஆனவர் என்று பார்ப்பதைவிட, முதல் நாளே ஜெனரலாக வந்தவர் என்று பார்ப்பது நல்லது என்பது அவருடைய கணக்கு. சம்பள உயர்வை ஜாயினிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளும் இன்றைய சாமர்த்தியத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை இது.

ஆறு நாளில் நடந்தவை

செப்டம்பர் 23-ல்தான் பதவி உயர்வு வந்தது. அதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

முதல் நாள் சொதப்பல். போர்க்கால அறிவியல் ஆய்வுகளின் தலைவரான வன்னேவர் புஷ்ஷைப் பார்க்கப் போனார். க்ரோவ்ஸை நியமித்த விஷயம் புஷ்ஷுக்கு யாரும் சொல்லவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்ட கர்னலுக்கு அவர் பதில் சொல்ல மறுத்தார். இவ்வளவு முரட்டுத்தனமான ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கவலைப்பட்டு மேலிடத்துக்குக் குறிப்பும் எழுதினார். ஸ்டேக்ஹோல்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாமல் ஆளை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இருவரும் சீக்கிரமே சமாதானம் ஆனார்கள்.

அடுத்த நாள், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் கிடங்கில் கிடந்த சுமார் 1,250 டன் யுரேனியத் தாதுவை வாங்க, துணை அதிகாரி நிக்கல்ஸை அனுப்பினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த சுரங்க நிறுவனத்தின் தலைவர் எட்கர் செங்கியர், காங்கோவிலிருந்து அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தார். ஒரே மீட்டிங்கில் விஷயம் முடிந்தது.

செப்டம்பர் 19-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். போர்க்கால உற்பத்தி வாரியத்தின் தலைவர் டொனால்ட் நெல்சனிடம் க்ரோவ்ஸ் ஒரு கடிதத்தோடு போனார். உச்ச முன்னுரிமையான ட்ரிப்பிள் ஏ அந்தஸ்தை இந்தத் திட்டத்துக்குத் தருகிறேன் என்று நெல்சன் எழுதியது போன்ற கடிதம். எழுதியது க்ரோவ்ஸேதான், கையெழுத்து மட்டும் பாக்கி. நெல்சன் முடியாது என்றார். அப்படியானால் வாரியம் ஒத்துழைக்காததால் திட்டத்தைக் கைவிடுமாறு ஜனாதிபதிக்குப் பரிந்துரைக்க வேண்டியிருக்கும் என்றார் க்ரோவ்ஸ். நெல்சன் கையெழுத்துப் போட்டார். அதே நாளில் டென்னசியில் நிலம் வாங்கவும் உத்தரவு போனது. பின்னாளில் ஓக் ரிட்ஜ் என்ற ரகசிய நகரம் எழுந்தது அங்கேதான்.

அந்த நிலம் காலியாகக் கிடந்தது என்று நினைக்க வேண்டாம். சுமார் 3,000 பேர் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சில குடும்பங்களுக்கு வாரக் கணக்கில்தான் அவகாசம் கிடைத்தது. எதற்காக வெளியேறுகிறோம் என்று கடைசி வரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. க்ரோவ்ஸின் வேகத்தைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது.

23-ம் தேதி, ஜெனரல் நட்சத்திரத்தோடு போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் முன்னால் உட்கார்ந்தார். மேற்பார்வைக்கு ஏழெட்டுப் பேர் கொண்ட கமிட்டி போடலாம் என்று யோசனை வந்தது. மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அப்போதுதான் முடிவு எடுக்க முடியும் என்று க்ரோவ்ஸ் வாதாடி ஜெயித்தார். மீட்டிங் இன்னும் நீளும் போலிருந்தது. டென்னசிக்கு ரயில் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நிலத்தை நேரில் பார்க்க வேண்டியிருந்தது.

பத்துப் பேருக்கா, ஆயிரம் பேருக்கா?

அக்டோபர் தொடக்கத்தில் சிகாகோ போனார். அங்கே அணு உலை ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு குண்டுக்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்று கேட்டார். விஞ்ஞானிகள் ஓர் எண்ணைச் சொன்னார்கள். அது எவ்வளவு துல்லியம் என்றும் கேட்டார். பத்து மடங்கு கூடலாம், பத்து மடங்கு குறையலாம் என்று பதில் வந்தது.

க்ரோவ்ஸ் ஆடிப்போனார். விருந்துக்குச் சமைக்க வந்தவரிடம், பத்துப் பேரும் வரலாம் ஆயிரம் பேரும் வரலாம் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று தன் நினைவு நூலில் இதை ஒப்பிடுகிறார். எஸ்டிமேட் கேட்டால் டெவலப்பர்கள் தோளைக் குலுக்கும் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்த நிலைமை தெரியும். ஆனால் க்ரோவ்ஸ் தெளிவான எண் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆராய்ச்சி முடியும் முன்பே தொழிற்சாலை கட்டத் தொடங்குவது என்று முடிவெடுத்தார். எந்த முறை ஜெயிக்கும் என்று தெரியாததால் எல்லா முறைகளிலும் பணத்தைக் கொட்டினார். யுரேனியத்தைப் பிரிக்க மின்காந்த முறை, வாயுப் பரவல் முறை. இவை இல்லாமல் புளூட்டோனியத்துக்குத் தனிப் பாதை. பிற்பாடு 1944-ல், பிரிக்கும் வேலை தாமதமானபோது வெப்பப் பரவல் முறையையும் சேர்த்தார். அந்த ஆலையை 90 நாளில் கட்டச் சொன்னார். போட்டியாளர்களாகத் தொடங்கிய மூன்று யுரேனிய முறைகளும் கடைசியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சங்கிலி போல் இணைந்தன. ஒரு ஆலை கொஞ்சம் செறிவூட்டியதை அடுத்தது வாங்கி மேலும் செறிவூட்டியது. தனியாக எதுவுமே காலத்துக்குள் முடித்திருக்காது.

சிகாகோ மீட்டிங்கில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் பின்னால் வட்டியோடு திரும்பி வந்தது. தன்னிடம் டாக்டர் பட்டம் இல்லை, ஆனால் கல்லூரிக்குப் பிறகு தான் படித்த வருடங்களைக் கூட்டினால் இரண்டு டாக்டர் பட்டத்துக்குச் சமம் என்று அந்த அறையில் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நோபல் பரிசு பெற்றவர்களும் இருந்தார்கள். அவர் வெளியே போனதும் லியோ சிலார்ட் பொரிந்து தள்ளினார். சிலார்ட் ஹங்கேரியில் பிறந்தவர். அணுச் சங்கிலி வினை என்ற யோசனையே அவருடையதுதான். சில வாரங்களில், சிலார்டை எதிரி நாட்டவர் என்று சொல்லிக் காவலில் வைக்க க்ரோவ்ஸ் கடிதம் தயாரித்தார். ஸ்டிம்சன் மறுத்துவிட்டார். டீமில் கேள்வி கேட்கும் ஆளை வெளியே தள்ளப் பார்க்கும் மேனேஜர்கள் இன்றும் உண்டு. ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ரெஸ்யூமேயில் இல்லாததைப் பார்த்தவர்

அதே பயணத்தில்தான், அக்டோபர் 8-ல், கலிபோர்னியாவின் பெர்க்லியில் ராபர்ட் ஓப்பன்ஹைமரைச் சந்தித்தார். வயது 38. கோட்பாட்டு இயற்பியலாளர், ஆய்வுக்கூடம் நடத்திய அனுபவம் இல்லை. ஒரு துறைக்குத் தலைவராக இருந்ததுகூட இல்லை. மற்ற ஆய்வுக்கூடங்களை நடத்திய லாரன்ஸ், காம்ப்டன், யூரே மூவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். இவரிடம் அதுவும் இல்லை. மனைவி, தம்பி, பழைய காதலி என்று சுற்றிலும் கம்யூனிஸ்ட் தொடர்பு வேறு. எந்த ஹெச்ஆரும் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவைக்கும் விண்ணப்பம்.

ஆனால் க்ரோவ்ஸ் கேட்ட கேள்விகளுக்குப் புரிகிற மாதிரி பதில் சொன்ன விஞ்ஞானி அவர்தான். சிதறிக் கிடப்பவர்களை ஒரே இடத்தில் கூட்டி வைக்காமல் குண்டு செய்ய முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொன்னார். வேதியியல், உலோகவியல், வெடிமருந்து என்று எல்லாப் பக்கமும் யோசித்தார். அடுத்த வாரமே சிகாகோவிலிருந்து கிழக்கே போகும் ரயிலில், ஒரு சின்னப் பெட்டியில் க்ரோவ்ஸும் இரண்டு அதிகாரிகளும் ஓப்பன்ஹைமரும் நெருக்கியடித்து உட்கார்ந்து பேசினார்கள். நியூ மெக்ஸிகோவில் அமைந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு ஓப்பன்ஹைமர் இயக்குநர் ஆனார். பாதுகாப்பு அதிகாரிகள் அனுமதி தராமல் இழுத்தடித்தபோது, 1943 ஜூலை 20-ல் க்ரோவ்ஸ் நேரடியாக உத்தரவு போட்டு முடித்துவைத்தார். இந்த நியமனத்தை ஆதரித்தவர்கள் அன்று மிகக் குறைவு. க்ரோவ்ஸின் மொத்த வாழ்க்கையில் இதைவிட நல்ல முடிவு வேறு இல்லை என்றே சொல்லலாம்.

அவருடைய வாஷிங்டன் அலுவலகமும் வித்தியாசமானது. லட்சம் பேருக்கு மேல் வேலை செய்த திட்டத்துக்குத் தலைமையகம் என்று இருந்தது சில அறைகள் மட்டும். ஜீன் ஓ’லியரி என்ற செயலாளர் ஏறத்தாழ நிர்வாக அதிகாரி போலவே செயல்பட்டார். பெரிய வேலையெல்லாம் டூபான்ட் போன்ற நிறுவனங்களிடம். யாருக்கும் தன் வேலைக்குத் தேவையானதற்கு மேல் தெரியக்கூடாது என்பது கண்டிப்பான விதி. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியாது. அவருடைய மனைவி கிரேஸுக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் அவர் ஒருவரே முன்கூட்டிப் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் முதல் பெரிய புளூட்டோனிய உலை 1944 செப்டம்பரில் இயங்கத் தொடங்கி, சில மணி நேரத்திலேயே தானாக அடங்கிப்போனது. வினையில் உருவான செனான் வாயு நியூட்ரான்களை விழுங்கிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகளின் டிசைன்படி உலையில் 1,500 எரிபொருள் குழாய்கள் போதும். டூபான்ட் பொறியாளர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று 2,004 குழாய்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். வீண் செலவு, வீண் தாமதம் என்று அப்போது சிகாகோவில் முணுமுணுப்பு. அந்தக் கூடுதல் குழாய்களிலும் எரிபொருளை நிரப்பியதால்தான் உலை மறுபடி ஓடியது. பஃபர் வைத்தவர்களுக்குப் பெயர் கிடைப்பது அபூர்வம், கிடைத்தது க்ரோவ்ஸுக்கு.

1944 டிசம்பர் 30-ல் க்ரோவ்ஸ் தலைமைத் தளபதி மார்ஷலுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். முதல் யுரேனிய குண்டு 1945 ஆகஸ்ட் 1 வாக்கில் தயாராகும் என்று அதில் இருந்தது. ஏறத்தாழ அதே நாளில் தயாரானது. பத்து மடங்கு கூடலாம் குறையலாம் என்று தொடங்கிய ப்ராஜெக்ட் அது.

சைன்-ஆஃப் இல்லாத டெலிவரி

1945 ஜூலை 16 அதிகாலை, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் டிரினிட்டி சோதனை வெற்றி. ஜெர்மனி அதற்கு இரண்டு மாதம் முன்பே சரணடைந்துவிட்டது. ஹிட்லரை முந்தணும் என்று வேலைக்கு வந்த விஞ்ஞானிகளில் பலருக்கு இனி இது எதற்கு என்ற கேள்வி எழுந்தது. சிலார்ட் கையெழுத்து இயக்கமே நடத்தினார். க்ரோவ்ஸுக்கு அந்தக் கேள்வி இல்லை. ஸ்கோப் மாறிவிட்டதா என்று அவர் எப்போதும் கேட்டதில்லை.

இலக்குகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் அவர் பொறுப்பில்தான். கியோட்டோவைப் பட்டியலில் வைக்க அவர் பிடிவாதமாக இருந்தார். பழமையும் பண்பாடும் நிறைந்த நகரம் என்று ஸ்டிம்சன் அதை நீக்கினார். க்ரோவ்ஸ் மறுபடியும் மறுபடியும் கொண்டுவந்தார். ஸ்டிம்சன் மறுபடியும் மறுபடியும் அடித்தார்.

ஜூலை 25-ல் விமானப்படைக்குப் போன உத்தரவின் வாசகத்தைத் தயாரித்தது க்ரோவ்ஸ். ஆகஸ்ட் 3-க்குப் பிறகு வானிலை அனுமதித்ததும் முதல் குண்டு. அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று, போதுமா என்று கேட்கும் இடம் அந்த உத்தரவில் இல்லை. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. மூன்றே நாளில், வானிலை கெடப்போகிறது என்று தேதியை முன்னால் இழுத்து, ஆகஸ்ட் 9 நாகசாகி. அன்று முதல் இலக்கு கோகுரா நகரம். புகையும் மேகமும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1.4 லட்சம் பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

ஆகஸ்ட் 10-ல் க்ரோவ்ஸ் மார்ஷலுக்கு அடுத்த ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பினார். அடுத்த குண்டு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம், ஆகஸ்ட் 17-க்குப் பிறகு போடுவதற்குத் தயார். அன்றுதான் ஜனாதிபதி ட்ரூமன், தன் நேரடி அனுமதி இல்லாமல் இனி ஒன்றும் கூடாது என்று நிறுத்தினார். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது ஒரு ப்ராஜெக்ட் அட்டவணை மட்டும்தான்.

நவம்பரில் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, கதிர்வீச்சால் இறப்பது பெரிய வேதனை இல்லாத சாவு என்று மருத்துவர்கள் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். ஹிரோஷிமாவின் மருத்துவமனைகளில் அப்போதும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அப்ரைசல்

போர் முடிந்ததும் க்ரோவ்ஸ் நாடறிந்த ஆள். ஆனால் 1947 ஜனவரி 1-ம் தேதி திட்டம் முழுவதும் சிவிலியன் அணுசக்தி ஆணையத்தின் கைக்குப் போனது. அதன் தலைவர் லிலியந்தாலோடு க்ரோவ்ஸுக்கு ஒத்துப்போகவே இல்லை. ராணுவத்தின் அணு ஆயுதப் பிரிவில் ஒரு பொறுப்பு மிச்சமிருந்தது. பொறியாளர் பிரிவின் தலைமைப் பதவி அடுத்து தனக்குத்தான் என்ற நம்பிக்கையும் இருந்தது.

1948 ஜனவரி 30-ல் ஐசனோவர் கூப்பிட்டார். அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. முரட்டுத்தனம், ஆணவம், அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளாதது, விதிகளை மதிக்காதது. கடைசியாக ஒன்று: முறை வருவதற்கு முன்பே ப்ரமோஷனுக்காகக் காய் நகர்த்தியது. 1942-ல் பதவி உயர்வு வந்தால்தான் பொறுப்பேற்பேன் என்று நின்றவருக்கு அந்தக் கடைசிப் புகார் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அவர் இதுவரை மிதித்துக்கொண்டு போனவர்களில் பலர் இப்போது ராணுவத்தின் உயர் பதவிகளில் இருந்தார்கள். தலைமைப் பொறியாளர் பதவி கிடையாது என்பதை ஐசனோவர் தெளிவாக்கிவிட்டார்.

இதில் ஒரு முரண் உண்டு. க்ரோவ்ஸிடம் நேரடியாக வேலை பார்த்து அதிகம் வதைபட்டவர் துணை அதிகாரி நிக்கல்ஸ். தான் பார்த்ததிலேயே மோசமான மேலதிகாரி அவர்தான் என்று பல ஆண்டுகள் கழித்து எழுதினார். அதே பக்கத்தில், இதே வேலையை மறுபடி செய்ய வேண்டி வந்தால், மேலதிகாரியாக க்ரோவ்ஸையே கேட்பேன் என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் ப்ரமோஷன் கமிட்டியில் நிக்கல்ஸ் இல்லையே.

க்ரோவ்ஸ் மீட்டிங் முடிந்த சில நாளிலேயே முடிவெடுத்தார். பிப்ரவரி 29-ல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 51. போகும்போது லெப்டினன்ட் ஜெனரல் அந்தஸ்து கொடுத்தார்கள். நாடாளுமன்றச் சிறப்புச் சட்டத்தின் மூலம் அந்த அந்தஸ்து 1945 ஜூலை 16 முதல், அதாவது டிரினிட்டி சோதனை நாள் முதல் கணக்கிடப்பட்டது. முன்தேதியிட்ட ப்ரமோஷன்.

அடுத்த வேலை கம்ப்யூட்டர் துறையில்! தட்டச்சு இயந்திரங்களுக்குப் பேர்போன ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். 1950-ல் அந்த நிறுவனம் எக்கர்ட், மாக்லி என்ற இருவரின் கம்ப்யூட்டர் நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு யுனிவாக் கம்ப்யூட்டர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்குப் போனது. 1961 வரை அங்கே இருந்தார். அந்தப் பத்துப் பதிமூன்று ஆண்டுகளைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

நடுவில் 1954-ல் ஒரு நாள் மட்டும் பழைய ப்ராஜெக்ட் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியைப் பறிக்க விசாரணை நடந்தது. குற்றச்சாட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் அதே நிக்கல்ஸ். இப்போது அணுசக்தி ஆணையத்தின் பொது மேலாளர். சாட்சி சொல்ல வந்த க்ரோவ்ஸ், ஓப்பன்ஹைமர் நாட்டுக்குத் துரோகம் செய்வார் என்று தான் நினைக்கவில்லை என்றார். ஆனால் இன்றைய சட்டப்படி பார்த்தால் அவருக்கு அனுமதி கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். 1943-ல் எல்லோரையும் மீறித் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதி அது. ஓப்பன்ஹைமர் அதை இழந்தார்.

1962-ல் க்ரோவ்ஸ் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். எட்டு ஆண்டு கழித்து, 1970 ஜூலை 13-ல், வாஷிங்டனில் இதய நோயால் இறந்தார். டிரினிட்டி சோதனையின் 25-ம் ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் பாக்கி இருந்தது. ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அவருடைய அண்ணன் ஆலனின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.